பியானோ துருத்தியில் பிறந்த சிமுலேட்டர்: 5 லட்சம் விமானிகளுக்குப் பயிற்சி தந்த எட்வின் லிங்க் யார்?

மேஜை மேல ஒரு யோக், காலுக்குக் கீழே ரட்டர் பெடல், எதிரே 3 மானிட்டர். கையில் காசு இருந்தால் ரெடிமேட் பேனல், இல்லையென்றால் பிளைவுட்டும் ஆர்டுயினோ போர்டும். வீட்டிலேயே காக்பிட் கட்டி விமானம் ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்குக் கிட்டத்தட்ட 100 வயது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில், ஒரு பியானோ தொழிற்சாலையின் அடித்தளத்தில் இதைத் தொடங்கி வைத்தவர் எட்வின் லிங்க்.

பணம் போனதுதான் மிச்சம்

1904-ல் அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் பிறந்தவர் லிங்க். அவருக்கு 6 வயது இருக்கும்போது குடும்பம் நியூயார்க் மாகாணத்தின் பிங்காம்டன் நகரத்துக்கு வந்தது. திவாலான ஒரு இசைக்கருவி கம்பெனியை வாங்கி, பியானோவும் ஆர்கனும் தயாரித்தார் அப்பா. மகனும் அங்கேதான் தொழில் கத்துக்கிட்டார்.

ஆனால் மனசு முழுக்க விமானம்தான். 1920-ல், 16 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் விமானப் பாடத்துக்குப் போனார். அந்த நிறுவனத்தை நடத்தியவர் சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின். கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெரிய தொகை.

பாடம் எப்படி இருந்தது? விமானம் வானத்தில் குட்டிக்கரணம் போட்டது, சுழன்றது, தாழ்வாகப் பறந்தது. லிங்க் கண்ட்ரோலைத் தொடக்கூட வாய்ப்பு கிடைக்கவில்லை. பணம் போனதுதான் மிச்சம்.

அவர் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டக் கத்துக்கிட்டு, 1927-ல் ஒரு செஸ்னா விமானமும் வாங்கினார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் கூடவே இருந்தது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள, இவ்வளவு செலவு செய்து ஆகாயத்துக்குத்தான் போகணுமா?

துருத்தி எப்படி விமானம் ஆனது?

இதற்கான பதில் அவர் வேலை பார்த்த இடத்திலேயே கிடைத்தது. தானாக வாசிக்கும் பியானோவை இயக்குவது காற்று. ஒரு பம்ப் காற்றை உறிஞ்சும், வால்வுகள் திறந்து மூடும், அதற்கேற்ப சின்னச் சின்ன துருத்திகள் சுருங்கி விரியும். நம்ம ஊர் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் துருத்தி புதுசு இல்லை.

அதே துருத்தியைப் பெரிதாக்கி, மரத்தால் செய்த ஒரு குட்டி விமானத்துக்கு அடியில் வைத்தார் லிங்க். உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை அசைத்தால் வால்வு திறக்கும். ஒரு பக்கத் துருத்தி சுருங்கும், எதிர்ப்பக்கம் விரியும், பெட்டி சாயும். பெடலை மிதித்தால் மொத்தப் பெட்டியும் திரும்பும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

கஷ்டமே அதற்கப்புறம்தான். பெட்டி அசைந்தால் மட்டும் போதாது, விமானம் மாதிரியே அசையணும். எவ்வளவு ஸ்டிக்குக்கு எவ்வளவு சாய்வு, எவ்வளவு வேகம்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல அப்போது வழி இல்லை. உட்கார்ந்து பார்ப்பது, சரியில்லை என்றால் இறங்கி மாற்றுவது, மறுபடி உட்காருவது. விமானம் ஓட்டிய கை சரி என்று சொல்லும் வரை இதேதான் வேலை. வீட்டில் காக்பிட் கட்டியவர்களுக்கு இது நல்லாவே புரியும். ஸ்டிக்கைத் தொடாமலேயே விமானம் ஒரு பக்கம் இழுக்கும், பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து ரீடிங் துள்ளும், கேலிபரேஷனுக்கே ஒரு வாரம் ஓடும்.

1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விமானப் பயிற்சி, பொழுதுபோக்கு ரெண்டுக்குமான கருவி என்றே அதில் பதிவு செய்தார். ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் ஆடும் ராட்டினம் மாதிரிதான் அதைப் பார்த்தார்கள். பயிற்சிக் கருவியாக எடுத்துக்கொள்ள ராணுவமும் முன்வரவில்லை. லிங்க் சொந்தமாக ஒரு விமானப் பள்ளி தொடங்கி, அந்தப் பெட்டியில் மாணவர்களுக்குக் குறைந்த செலவில் சொல்லிக்கொடுத்தார். 1931-ல் பத்திரிகையாளர் மரியன் கிளேட்டனைத் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் தொழிலிலும் அவர் துணை நின்றார்.

மரணங்கள் மாற்றிய பார்வை

1934 பிப்ரவரியில் ஒரு திருப்பம். தனியார் நிறுவனங்களின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்த அமெரிக்க அரசு, அந்த வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. கடும் குளிர்காலம். இரவு, பனிமூட்டம், புயல். அவர்களில் பலருக்கு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி போதவில்லை. சில மாதங்களுக்குள் குறைந்தது 12 பேர் இறந்தார்கள்.

மேகத்துக்குள் நுழைந்ததும் ஏன் இவ்வளவு ஆபத்து? வெளியே எதுவும் தெரியாதபோது, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தப்பாகச் சொல்லும். விமானம் சுழன்று கீழே போய்க்கொண்டிருக்கும், விமானியோ நேராகப் பறப்பதாக நினைப்பார். உடம்பை நம்பாமல் முள்ளை நம்பப் பழகணும். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது, தப்பு செய்து செய்துதான் வரும். ஆனால் ஆகாயத்தில் ஒரு தப்புக்கே உயிர் போய்விடும்.

இந்தச் சமயத்தில் லிங்க்கைச் சந்திக்க ராணுவ அதிகாரிகள் நியூவார்க் வந்திருந்தார்கள். அன்றைக்கு பனிமூட்டம். இந்த வானிலையில் அவர் வரமாட்டார் என்று நினைத்துக் கிளம்பத் தயாரானார்கள். பிங்காம்டனிலிருந்து கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார் லிங்க். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது, ஒன்று சுமார் 3,500 டாலர்.

திரையே இல்லாத சிமுலேட்டர்

நீல நிறத்தால் 'ப்ளூ பாக்ஸ்' என்று பெயர் வாங்கிய அந்தப் பெட்டியில் வெளியுலகக் காட்சி எதுவும் கிடையாது. மூடியைச் சாத்தினால் உள்ளே இருட்டு, எதிரே கருவிகள் மட்டும். பயிற்சியாளர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனில் பேசுவார். மாணவர் பறக்கும் பாதையை 3 சக்கரம் கொண்ட சின்னக் கருவி வரைபடத்தின் மேல் மையால் கோடு போட்டுக் காட்டும். எங்கே தடம் மாறினார் என்பது அப்படியே தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது 10,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் தயாராகின. 5 லட்சத்துக்கும் அதிகமான விமானிகள் இதில் பயிற்சி எடுத்தார்கள். ஜெமினி, அப்போலோ விண்வெளி வீரர்களுக்கான சிமுலேட்டர்களையும் பின்னாளில் லிங்க் பெயர் தாங்கிய நிறுவனமே செய்தது.

கடல் எடுத்துக்கொண்ட மகன்

1950-களில் கம்பெனி கைமாறிய பிறகு லிங்க் கடல் பக்கம் திரும்பினார். மனிதர்கள் கடலுக்கடியில் தங்கி வேலை செய்ய வழி தேடினார். 1962-ல் அவர் வடிவமைத்த அலுமினிய உருளையில் ராபர்ட் ஸ்டெனுயி என்ற முக்குளிப்பவர் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் ஒரு நாள் முழுக்கத் தங்கினார். அடுத்து 'ஜான்சன் சீ லிங்க்' என்ற சிறிய நீர்மூழ்கிக் கலம் உருவானது.

1973 ஜூனில் புளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே, சுமார் 110 மீட்டர் ஆழத்தில், மூழ்கடிக்கப்பட்ட ஒரு போர்க்கப்பலின் சிதைவுகளில் அந்தக் கலம் சிக்கியது. மீட்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. முன்பகுதியில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்பகுதியில் குளிர் கடுமையாக இருந்ததால், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் ரசாயனம் சரியாக வேலை செய்யவில்லை. அங்கே இருந்த இருவரும் இறந்தார்கள். அதில் ஒருவர் லிங்க்கின் மகன் கிளேட்டன். வயது 31.

தப்பு செய்தாலும் உயிர் போகாத ஓர் இடத்தை லட்சக்கணக்கான பேருக்கு உருவாக்கிக் கொடுத்தவருக்கு, சொந்த மகனுக்கு அப்படி ஓர் இடம் கொடுக்க முடியவில்லை. லிங்க் மறுபடியும் வேலைக்குத்தான் போனார். ஆழ்கடலில் சிக்கிய கலங்களை விடுவிக்க, ஆளில்லாமல் இயங்கும் மீட்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். 1981 செப்டம்பரில் பிங்காம்டனில் காலமானார். அந்த ஊர் விமான நிலையம் இன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

புது ரக விமானத்துக்கு மாறும் விமானி இப்போதெல்லாம் பயணிகளோடு பறப்பதற்கு முன்னாடி சிமுலேட்டரில் உட்காருகிறார். இன்ஜின் தீப்பிடிப்பது, ஓடுபாதை தெரியாமல் போவது எல்லாம் அங்கே நடக்கும். பிறகு கதவைத் திறந்து இறங்கி, காபி குடித்துவிட்டு மறுபடி முயற்சி செய்வார்.