ஒற்றை பஸ்ஸில் தொடங்கிய ஜி.டி.நாயுடு

வாளையார் எல்லையைத் தாண்டி, மதுக்கரை வழியாகப் போகும் பஸ்கள் கோவையில் போய் நிற்கின்றன. கஞ்சிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்குச் சொந்த ஊர் வழியே அதுதான். அந்தக் கோவையில் ஓட்டல் சர்வராக இருந்து, பஸ் முதலாளியாகி, பெரும் தொழில் மேதை என்று பெயர் பெற்றவர் ஜி.டி.நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது.

மோட்டார் சைக்கிள் ஆசை

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி நாயுடுவின் மனதைக் கவர்ந்தது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து, ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்து, வண்டியையும் வாங்கிவிட்டார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதோடு அவர் நிற்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார். எந்திரப் படிப்பு அவருக்கு அங்கேதான் தொடங்கியது.

பம்பாயில் பட்ட அடி

பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். கையில் நிறையப் பணம் சேர்ந்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்க்குப் போய், பெரிய பஞ்சு வியாபாரிகளோடு போட்டி போட்டார். அந்த ஊர் மார்க்கெட்டின் நெளிவு சுளிவு வேறு. சேர்த்த பணம் அத்தனையும் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. விட்ட பணத்தைப் பிடிக்க மீண்டும் பம்பாய்க்கு ஓடவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்தது மோட்டார்தான் என்று முடிவு செய்தார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார்.

1920-ம் ஆண்டு அந்த பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

நேரம் தவறாத பஸ்

ஒரு பஸ், பல பஸ்களாகப் பெருகியது. யு.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனி, ஒழுங்குக்கும் நேரம் தவறாமைக்கும் பெயர் எடுத்தது. டிக்கெட் அச்சடிக்கும் எந்திரத்தையும் அவரே உருவாக்கினார். 1937-ல், டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் தயாரித்தார். சவரம் செய்யும் மின்சாரக் கருவியும் அவர் கண்டுபிடிப்புகளில் ஒன்று.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமானவரும் அவரே. மூன்றாம் வகுப்போடு நின்றவர், அதன் முதல்வராக அமர்ந்தார். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி காலமானார்.

வெளியூரில் உழைத்து நாலு காசு சேர்த்தவரிடம், கூட்டு வியாபாரம் என்று யாராவது ஆசை காட்டுவது உண்டு. பணத்தை எடுத்துக் கொடுக்குமுன், நாயுடுவின் பம்பாய்ப் பயணத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. தெரியாத தொழில் அவர் பணத்தைக் கொண்டுபோயிற்று. கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்ட தொழிலே அவரைத் தூக்கி நிறுத்தியது.