குயவர் பெர்நார்டு பலிஸி

பாரிஸ் நகரத்து லூவ்ர் காட்சிசாலையிலும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையிலும் உள்ள சில மண் தட்டங்களை முதன்முறை காண்போர் திடுக்கிடுவர். நடுவே பாம்பொன்று நெளிந்து கிடக்கும். அருகே பல்லி, தவளை, மீன், கிளிஞ்சல். அவ்வுயிர்களையே அச்செடுத்து வார்த்தமையால் யாவும் உயிருள்ளன போலத் தோன்றும். உண்கலத்தின் வடிவம் பெற்றும், இவற்றில் ஒருவரும் உண்டிரார் என்றே எண்ணுகின்றோம். இவ்வகைக் கலங்களாற் புகழ்பெற்றவர் பிரெஞ்சு நாட்டுப் பெர்நார்டு பலிஸி என்பார்.

1510-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த இவர் முதலிற் பயின்றது கண்ணாடியிற் சித்திரந் தீட்டும் தொழிலே. ஸேந்த் என்னும் ஊரில் மனைவி மக்களோடு வாழுநாளில், மெருகு பூசிய அழகிய கிண்ணமொன்று இவர் கண்ணிற் பட்டது. அதுபோன்ற வெண்மெருகு தாமும் காணவேண்டுமென்னும் ஆசை அன்றே பற்றியது. திருவண்ணாமலையில் கார்த்திகைக்கு அகல் வனையும் குயவருக்கு மண்ணின் குணமும் சூளையின் சூடும் தந்தைவழி வந்த அறிவு. பலிஸிக்கோ இரண்டும் தெரியா. வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த வெண்பூச்சு இத்தாலியக் குயவர் கையில் அக்காலத்தே பழகிய பொருளாயிற்றே, அவரிடங் கற்றிருக்கலாகாதோ எனின், தொழில் மறையைப் பிறர்க்கு எளிதில் உரையாக் காலம் அது.

ஏறக்குறைய 16 ஆண்டுகள் தாமே அரைத்தும் பூசியும் சுட்டும் பார்த்தார். விறகு தீர்ந்த ஒருநாள் தோட்டத்துக் கொம்புகளையும், பின்னர் வீட்டு மேசைகளையும் தளப்பலகைகளையும் சூளையிலிட்டார். ஊரார் பித்தனென்று நகைத்தனர், மனைவியும் கடிந்தாள். பலிஸியைப் புகழ்வோர் அம்மனையாளைக் குறைகூறுதல் வழக்கம். மக்களின் வயிறு வாடியிருக்க, மேசை எரிவதைக் கண்டவள் வேறென் செய்வாள்? முடிவில் இவருக்குப் புகழ் தந்ததும் தேடிய வெண்மையன்று, பல்வர்ண மெருகே.

பிரபுவாகிய மோன்மோரான்ஸியும் அரசி கத்தரீனும் இவரை ஆதரித்தனர். சீர்திருத்தக் கிறிஸ்து மதத்தைத் தழுவியதனால் முன்னொருமுறை சிறைப்பட்டு, அவ்வாதரவினால் மீண்டார். பாரிஸில் 1575 முதல் பேருரைகள் நிகழ்த்தினார். பாறையிற் காணுங் கிளிஞ்சல்கள் ஒருகால் உயிர் வாழ்ந்தனவே என்றும், ஊற்றுநீர் மழைநீரே என்றும் 1580-இல் நூலெழுதினார். கலங்களினும் இதுவே பெரிதென்பது எம் கருத்து. 1588-இல் மீண்டுஞ் சிறை. மதத்தை விட்டால் விடுதலையுண்டு, விட்டாரில்லை. 1590-ஐ ஒட்டிப் பாஸ்தீல் சிறையிலேயே இறந்தார்.

19-ஆம் நூற்றாண்டிற் பலர் இவர் முறையைப் பின்பற்றிக் கலங்கள் செய்தமையால், காட்சிசாலைகளில் எது இவர் கைப்பட்டதென்று துணிதல் அரிதாயிற்று. 1980-களில் லூவ்ரின் அருகே நிலத்தைத் தோண்டியபோது இவரது பட்டறையின் சூளையும் உடைந்த அச்சுகளும் வெளிப்பட்டன. ஐயப்பட்ட தட்டங்களை அவ்வச்சுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அதன்பின் வழி பிறந்தது.