மன்னிப்புப் பெற்றவர் மன்னித்தார்: கோரி டென் பூம் அம்மையார்

மன்னிப்பு வேண்டுவது எளிது. மன்னிப்பு வழங்குவது அரிது. தான் பிழை செய்தால் இறைவனிடம் இரக்கத்தை எதிர்பார்க்கும் மனிதன், பிறர் தனக்குப் பிழை செய்தால் நீதியைக் கோருகிறான். இயேசு பிரான் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்திலேயே, பாவமன்னிப்பை வேண்டுவதோடு பிறரை மன்னிப்பதையும் இணைத்து வைத்தார். அரசனிடம் பெருங்கடன் தள்ளுபடி பெற்ற ஊழியன், தனக்குச் சிறு கடன்பட்ட தோழனைச் சிறையில் தள்ளிய கதையையும் அதற்காகவே உரைத்தார். இந்த உபதேசம் எவ்வளவு கடினமானது, அதே வேளையில் எவ்வளவு மெய்யானது என்பதைத் தம் வாழ்வில் கண்டவர் நெதர்லாந்து நாட்டின் கோரி டென் பூம் அம்மையார்.

1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பிறந்த கோரி, ஹார்லெம் நகரில் வளர்ந்தார். அங்கே 1837-இல் அவருடைய பாட்டனார் தொடங்கிய கடிகாரக் கடையின் மேல்மாடியே அக்குடும்பத்தின் இல்லம். தந்தை காஸ்பர் ஆழ்ந்த இறைப்பற்றுடையவர். தந்தையிடம் தொழில் கற்ற கோரி, 1922-இல் அந்நாட்டில் கடிகாரத் தொழிலுக்கு உரிமம் பெற்ற முதல் பெண்மணியானார். அவரும் தமக்கை பெட்ஸியும் மணம் செய்துகொள்ளாமல் தந்தையுடன் வாழ்ந்து, ஏழை எளியோருக்குத் தொண்டாற்றி வந்தனர்.

1940 மே மாதம் ஹிட்லரின் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. யூதர்கள் வேட்டையாடப்பட்டனர். அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு அக்குடும்பம் கதவைத் திறந்தது. கோரியின் படுக்கையறையில் போலிச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டு, அதன் பின்னே மறைவிடம் அமைக்கப்பட்டது. 1944 பிப்ரவரி 28 அன்று, சொந்த நாட்டவர் ஒருவரே காட்டிக்கொடுக்க, குடும்பத்தினர் அனைவரும் கைதாயினர். மறைவிடத்தில் இருந்த ஆறு பேர் மட்டும் அகப்படாமல் தப்பினர். 84 வயதான தந்தை பத்தே நாட்களில் சிறைக் காவலில் உயிர் நீத்தார்.

சகோதரிகள் இருவரும் ஃபுக்ட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். தங்களைக் காட்டிக்கொடுத்தவரின் பெயர் அங்கேதான் தெரிய வந்தது. கோரியின் உள்ளம் கொதித்தது, உறக்கம் போயிற்று, ஜெபிக்கவும் இயலவில்லை. பெட்ஸியோ அமைதியாக இருந்தார். அந்த மனிதரின் மனம் என்ன பாடுபடுமோ என்று இரங்கி, அவருக்காக ஜெபித்து வந்ததாகக் கூறினார். கோரி திகைத்தார். காட்டிக்கொடுத்தவர் செயலால் கொன்றார் என்றால், தாம் உள்ளத்தால் அவரைக் கொன்றுகொண்டிருப்பதை உணர்ந்தார். இறைவனின் சந்நிதியில் தாமும் அவரும் ஒருசேரக் குற்றவாளிகளே என்பது விளங்கியது. அன்றிரவு அவரை மன்னித்ததோடு, தமக்கும் மன்னிப்பு வேண்டினார். பல நாட்களுக்குப் பின் நல்ல உறக்கம் வந்தது.

பின்னர் ஜெர்மனியின் ரேவன்ஸ்புரூக் முகாம். பசி, குளிர், கசையடி, காவலர் முன் ஆடை களைந்து நிற்கும் அவமானம். அக்கொடுமைகளின் நடுவே பெட்ஸி 1944 டிசம்பர் 16 அன்று உயிர் துறந்தார். சில நாட்களில் கோரி விடுவிக்கப்பட்டார். அலுவலகப் பிழையால் நேர்ந்த விடுதலை அது என்று பின்னர் அறிந்தார்.

போர் ஓய்ந்தபின், பாதிக்கப்பட்டோருக்கென ஓர் இல்லத்தை 1945-இல் அவர் தொடங்கினார். தம் பகைவரை மன்னிக்க முடிந்தவர்கள், உடலில் எத்தகைய ஊனம் இருந்தபோதிலும், மீண்டும் வாழத் தொடங்கியதைக் கண்டார். கசப்பை வளர்த்தவர்களோ நோயாளிகளாகவே நீடித்தனர். தம்மைக் காட்டிக்கொடுத்தவருக்கும் கடிதம் எழுதி, தாம் மன்னித்துவிட்டதைத் தெரிவித்தார்.

ஆயினும் பெரும் சோதனை 1947-இல் வந்தது. மியூனிக் நகர ஆலயத்தில், இறைவன் நம் பாவங்களை ஆழ்கடலில் எறிந்துவிடுகிறார் என்று அவர் உரையாற்றி முடித்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் முன்வந்தார். பார்த்தவுடன் கோரிக்கு அடையாளம் தெரிந்தது. ரேவன்ஸ்புரூக்கின் காவலர்களில் ஒருவர் அவர். தாம் இப்போது கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதாகவும், இறைவன் தம்மை மன்னித்துவிட்டதாகவும், அம்மையாரின் வாயாலும் அம்மன்னிப்பைக் கேட்க விரும்புவதாகவும் கூறிக் கை நீட்டினார். கோரியின் கை எழவில்லை. பெட்ஸியின் மெலிந்த உருவம் கண்முன் நின்றது. உள்ளத்தில் அன்பின் சுவடும் இல்லை. எனினும் மன்னிப்பு என்பது உணர்ச்சியன்று, மனத்தின் தீர்மானம் என்பதை அவர் அறிந்திருந்தார். கையை நீட்டுவது மட்டுமே தம்மால் ஆகும், அன்பை நீரே தாரும் என்று மௌனமாக ஜெபித்து, இயந்திரம்போல் கையை நீட்டினார். அந்த நொடியில், தமக்குச் சொந்தமல்லாத ஓர் அன்பு உள்ளத்தில் பெருகியது. காவலரும் கைதியும் நெடுநேரம் கைகோத்து நின்றனர்.

இத்தனைக்குப் பின்னும் அவருடைய பாடம் முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து நண்பர் சிலர் அவருக்குத் தீங்கிழைத்தனர். மன்னித்துவிட்டதாகக் கூறிய அவர், அவர்களின் குற்றத்தை நிரூபிக்கும் கடிதங்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியபோது நாணினார். தம் பாவங்களைக் கடலில் எறிந்த இறைவனின் அடியாள், பிறர் பாவங்களை மேசை அறையில் பூட்டி வைத்திருக்கலாமா? அன்றே அக்கடிதங்களை நெருப்பில் இட்டார். பகைவரை மன்னித்தவருக்கு நண்பரை மன்னிப்பது கடினமாயிருந்தது என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இச்செய்தியைக் கூறிய கோரி அம்மையாரை இஸ்ரேலின் யாத் வாஷேம் அமைப்பு 1967-இல் கௌரவித்தது. 1983 ஏப்ரல் 15 அன்று, தம் 91-ஆம் பிறந்த நாளில், அமெரிக்காவில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மன்னிக்கும் ஆற்றல் தமக்கு இயல்பிலேயே இருந்ததாக அவர் ஒருபோதும் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு இறைவனிடம் சென்றார். பெற்றதையே பிறருக்குக் கொடுத்தார். நாம் பெற்ற மன்னிப்பை நினைந்திருக்கும் வரையில் மன்னிக்க இயலாதவர் எவரும் இரார். நம் இல்லங்களிலும் பூட்டி வைத்த பழைய கடிதங்கள் இருக்கக்கூடும். அவற்றை நெருப்பில் இடும் நாளே நம் உள்ளம் விடுதலை பெறும் நாள்.