குதிரை ஏறிய ராஜா தேசிங்கு

இந்த மாதம் நான் எழுதுவது ராஜா தேசிங்கைப் பற்றி. செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீங்க. எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது எங்க தாத்தா.

தாத்தா சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டினவர். ஷேர் ஆட்டோ வந்த பிறகு சவாரி குறைந்துபோச்சு. கடைசிக் குதிரை முத்துவை மட்டும் விற்க மனசு வராமல் வீட்டிலேயே வைத்திருந்தார். கடலூரில் இருக்கிற சின்னத் தாத்தாவும் அதே தொழில் செய்தவர்தான். பொங்கலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தால் போதும், லகான் சண்டை ஆரம்பித்துவிடும். லகானை இழுத்துப் பிடிக்கணும், கழுத்து வளைந்து தலை நெஞ்சுப் பக்கம் வரணும், அப்போதுதான் குதிரை பேச்சைக் கேட்கும், பார்க்கவும் கம்பீரமா இருக்கும் என்பார் சின்னத் தாத்தா. லகான் கையில் இருக்கணும், ஆனால் குதிரை வாயில் உறுத்தக் கூடாது, தலையை அதன் போக்கில் விடணும் என்பார் எங்க தாத்தா. இரண்டு பேருமே சாட்சிக்குக் கூப்பிடுகிற ஆள் ராஜா தேசிங்குதான்!

தேசிங்கின் உண்மையான பெயர் தேஜ் சிங். அவர் அப்பா சொரூப் சிங், வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர். முகலாயப் படை 1698இல் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஔரங்கசீப் சொரூப் சிங்கைக் கோட்டைத் தலைவராக நியமித்தார். நம்ம கடலூருக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை ஆங்கிலேயரோடு 1711 வாக்கில் சண்டை போட்டவர் இந்தச் சொரூப் சிங்தான்.

இனி குதிரைக் கதை. இது வரலாற்றுப் புத்தகத்தில் உள்ளது இல்லை. தேசிங்கு ராஜன் கதைப்பாட்டில் வருவது. டெல்லி பாதுஷாவிடம் பாராசாரி என்று ஒரு முரட்டுக் குதிரை இருந்ததாம். யாராலும் அதன் மேல் ஏற முடியவில்லை. ஏற முடியாத தேசிங்கின் அப்பாவைச் சிறையில் போட்டுவிட்டார்களாம். சின்னப் பையன் தேசிங்கு டெல்லிக்குப் போய், குதிரையை அடக்கி, அப்பாவை மீட்டு, அந்தக் குதிரையையே பரிசாக வாங்கி வந்தாராம்.

எப்படி அடக்கினார்? இங்கேதான் எங்க வீட்டில் சண்டை. இழுத்துப் பிடித்த பிடியில்தான் என்பார் ஒருத்தர். தடவிக் கொடுத்து, பயத்தைப் போக்கித்தான் என்பார் இன்னொருத்தர்.

இந்தச் சண்டை உலகம் முழுக்க இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. 2023இல் சீனாவில் ஹாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டுக் குழு டிரெஸ்ஸாஜ் போட்டியில் தங்கம் வாங்கியது. டிரெஸ்ஸாஜ் என்றால் வேகமாக ஓடுவது இல்லை. ஏறி இருப்பவர் லகானாலும், காலாலும், உட்காரும் விதத்தாலும் மெல்லச் சைகை காட்ட, குதிரை அழகாக அடி எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பழக்கும்போது கழுத்தை நெஞ்சு வரை இழுத்து வளைக்கலாமா கூடாதா என்று பல வருஷம் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் 2010இல் உலகக் குதிரையேற்ற அமைப்பு, பலவந்தமாக அப்படி வளைப்பதை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. சுமார் 2400 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த கிரேக்கர் செனபோனும், அடித்து மிரட்டினால் நாட்டியம் ஆடுபவருக்கு எப்படி அழகு வராதோ அப்படித்தான் குதிரைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். நடராஜர் ஊர்க்காரங்களுக்கு இது நல்லாவே புரியும். நம்ம கோயில் நிருத்த சபையே குதிரை பூட்டிய தேர் மாதிரிதானே இருக்கிறது!

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் தாத்தா என்னை முத்து மேல் உட்கார வைத்தார். அது நகர்ந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. லகானை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தேன். முத்து நின்றது. இறங்கிப் பார்த்தால் அதன் வாய் ஓரத்தில் ரத்தம். தாத்தா என்னைத் திட்டவே இல்லை. மஞ்சள் குழைத்துப் போட்டார். அன்றைக்கு முத்து என் கைக்குப் புல் வாங்கவில்லை.

இப்போது தேசிங்குக்கு வருவோம். சொரூப் சிங் இறந்ததும் தேசிங்கு செஞ்சிக்கு வந்து ஆட்சியை ஏற்றார். வரிப் பாக்கி நிறைய இருக்கிறது, கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். அப்பாவுக்குப் பாதுஷாவே கொடுத்த உரிமை இது, நான் ஏன் பணியணும் என்று தேசிங்கு மறுத்துவிட்டார். நவாப் பெரிய படையோடு வந்தார்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் மலையில் அரங்கநாதர் கோயில் இருக்கிறது. போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு அங்கே கும்பிடப் போனாராம். போகாதே என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். உயிர் நண்பன் மோவுத்துகாரன், அதாவது மகபத் கான், தன் கல்யாணப் பந்தலை விட்டு நீலவேணி என்ற குதிரையில் ஓடி வந்தானாம். ஆற்றில் வெள்ளம். காத்திருக்காமல் குதிரையை வெள்ளத்தில் இறக்கி அக்கரைக்குப் போனார்கள் என்கிறது கதை. 1714 அக்டோபர் 3ஆம் தேதி நடந்த போரில் நண்பனும் இறந்தான், தேசிங்கும் இறந்தார். தேசிங்குக்கு வயது 22தான். ஒரு வருஷம்கூட ஆளவில்லை. அவருடைய இளம் மனைவி அந்தக் காலக் கொடிய வழக்கப்படி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள்.

போன பொங்கலுக்கு நான் இரண்டு தாத்தாவிடமும் ஒரு கேள்வி கேட்டேன். வெள்ளத்தைப் பார்த்ததும் தேசிங்கு லகானை இழுத்திருக்கணுமா, விட்டிருக்கணுமா? எப்போதும் இழு இழு என்கிற சின்னத் தாத்தா, விட்டதுதான் வீரம் என்றார். எப்போதும் விடு விடு என்கிற எங்க தாத்தா, அந்த ஒரு இடத்தில் இழுத்திருக்கணும், வெள்ளம் வடிகிறவரைக்கும் பொறுத்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்றார். சொன்னதும் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களுக்கும்தான்.

எனக்குத் தோன்றுவது இதுதான். தேசிங்கு வீரர், அதில் சந்தேகம் இல்லை. முன்னூறு வருஷம் கழித்தும் தெருக்கூத்தில் அவர் வருகிறார். செஞ்சிக் கோட்டையும் 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் முரட்டுக் குதிரையைப் பழக்கத் தெரிந்தவருக்குத் தன் கோபத்தைப் பழக்க அவகாசம் கிடைக்கவில்லை. பயத்தில் இழுத்தாலும் தப்பு, கோபத்தில் விட்டாலும் தப்பு. நான் பயத்தில் இழுத்தேன். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

முத்து இப்போது இல்லை. அதன் லகான் எங்க வீட்டு ஆணியில் தொங்குகிறது. செஞ்சிக்குப் போனால் மலை உச்சியை மட்டும் பார்த்துவிட்டு வராதீங்க. கீழே குதிரை லாயத்தையும் பார்த்துவிட்டு வாங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி