கணக்கும் கல்வியும்: ராஜா சர் அண்ணாமலை செட்டியார்

சிதம்பரம் புகைவண்டி நிலையத்துக்குக் கிழக்கே விரிந்துகிடக்கும் அண்ணாமலைநகரைக் காண்போர், ஒரு வள்ளலின் கொடையைக் காண்கின்றனர். அக்கொடைக்குப் பின்னே ஒரு வணிகரின் கணக்கேடு இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஈட்டிய பொருளை எண்ணிப் பார்க்கத் தெரிந்ததனால்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் அதனை எண்ணிக் கொடுக்கவும் முடிந்தது.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் கானாடுகாத்தானில், நகரத்தார் மரபில், முத்தையா செட்டியாரின் மகனாக அவர் பிறந்தார். அம்மரபில் வணிகம் என்பது வீட்டிலேயே தொடங்கும் கல்வி. கடையில் பெட்டியடியில் அமரும் சிறுவன் முதலில் எழுத்தையும் எண்ணையும் பழகுவான், பின் அடுத்தாளாவான், நம்பிக்கைக்கு உரியவன் எனத் தெளிந்த பின்னரே மேலாளாகக் கடல் கடந்து அனுப்பப்படுவான். பெரும்பாலும் மூன்றாண்டு அவன் தவணை. ஊதியத்தின் ஒரு பகுதி புறப்படும் முன்பே அவன் குடும்பத்தாரின் கைக்கு வந்துவிடும். தவணை முடிந்ததும் அடுத்து வருபவனிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் தாயகம் திரும்புவான். இவ்வாறு ஆளை மாற்றியும் கணக்கை மாற்றாமலும் தொழில் நடந்தது.

அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டில் பிரியும். இறுதியில் ஐந்தொகை கட்டி இருப்பு தெளியும். முதலாளியின் வீட்டுச் செலவு கடைப்பணத்தில் கலவாது. அறத்துக்கென ஒதுக்கிய மகமைக்கும் தனிப்பற்று உண்டு. எஞ்சியதைக் கொடுப்பது கொடையன்று, முன்னரே எழுதிவைத்துக் கொடுப்பதே கொடை என்னும் ஒழுக்கம் அவ்வேட்டிலேயே இருந்தது.

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. அதனை நம்பிப் பணம் இட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் ஒரே நாளில் சேமிப்பை இழந்தன. பிறர் பணத்தைக் காப்போர் தம் கணக்கை மறைத்தால் ஊரே கெடும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்று எழுப்பிய இந்தியன் வங்கி 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தன் பணியைத் தொடங்கியது. அதனைத் தோற்றுவித்தோருள் அண்ணாமலையாரின் தமையனார் ராமசாமி செட்டியாரும் ஒருவர். தம்பியும் அம்முயற்சிக்குத் துணைநின்றார். பின்னாளில் இம்பீரியல் வங்கியின் ஆளுநர்களுள் ஒருவராகவும் அண்ணாமலையார் விளங்கினார். 1923-இல் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது.

அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது கடலூர். அதனைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பண்டு சமணப் பெரும்பள்ளி ஒன்று விளங்கி, கல்விக்குப் புகழ் தந்தது. அதே மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1920-ஆம் ஆண்டு அண்ணாமலையார் ஸ்ரீமீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர் தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். தகுதியுடையாரைத் தேடி அமர்த்துவதும், அமர்த்திய பின் அவரவர் துறையை அவரவரிடம் விடுவதும் கடையில் கற்ற பாடங்களே.

இக்கல்லூரிகளோடு இருபது இலட்சம் ரூபாயையும் அளிக்க அவர் அரசுடன் உடன்பாடு செய்துகொண்டார். தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1929-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. எஸ்.இ. அரங்கநாதன் முதல் துணைவேந்தரானார். செட்டிநாட்டு ராஜா என்னும் பரம்பரைப் பட்டமும் அவ்வாண்டே அண்ணாமலையாருக்கு வந்தது. ரங்கூனில் செட்டிநாடு வங்கி நிறுவப்பட்டதும் அவ்வாண்டில்தான்.

அடுத்து வந்த ஆண்டுகள் கடுமையானவை. 1930 முதல் உலகெங்கும் விலைகள் சரிந்தன. பர்மாவில் நெல் விலை வீழ்ந்ததால் உழவர்கள் கடனைத் திருப்ப இயலாமல், ஈடு வைத்த நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. 1930-இல் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. ஏட்டில் அது சொத்து, பெட்டியில் பணமில்லை. நிலம் இழந்த உழவரின் மனத்தாங்கலும் வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படை புகுந்தபோது பலர் அனைத்தையும் விட்டுக் கால்நடையாகத் திரும்பினர். ஈடு பெரிதாயிருப்பதும் கையிருப்பு இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஒரு சமூகமே பெருவிலை தந்து கற்றது. அங்கே சேர்த்தது கைவிட்டுப் போக, சிதம்பரத்தில் கொடுத்தது நிலைத்தது.

இறுதிக் காலத்தில் அண்ணாமலையார் தமிழிசைக்குத் தோள்கொடுத்தார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. 1948-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின், அப்பல்கலைக்கழகம் தேவைக்கு மிஞ்சிய பணியாளரைச் சுமந்து நிதி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 2013-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அதன் நிர்வாகத்தை ஏற்றது. மிகையான பணியாளர்கள் பிற அரசுத் துறைகளுக்கு மாற்றப்பட்டனர். நிறுவியவரின் புகழ் நிறுவனத்தின் கணக்கை எழுதித் தராது. வரவுக்கேற்ற ஆள், ஆளுக்கேற்ற பணி, நாள்தோறும் குறிப்பு, காலந்தோறும் ஐந்தொகை ஆகியவற்றை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத்தான் காக்க வேண்டும்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ இன்று சிறுகடை ஒன்றைத் திறக்கும் இளைஞருக்கு இருபது இலட்சக் கொடை எட்டாத உயரமாகத் தோன்றலாம். அக்கொடைக்கு அடித்தளமான பழக்கங்களோ எளியவை. கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் பிரித்து எழுதுதல், உடன் உழைப்போரைப் பழக்கி நம்புதல், அறத்துக்கு உரியதை முதலிலேயே ஒதுக்குதல் ஆகிய இம்மூன்றுக்கும் பெருமூலதனம் வேண்டியதில்லை. ஓர் ஏடும், அதில் உண்மையை எழுதும் துணிவும் போதும்.