விண்மீன்களின் இறுதியைக் கண்டவர்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் நின்று இரவு வானை நோக்குவார்க்கு விண்மீன்கள் அழிவற்றன போலத் தோன்றும். அவற்றிற்கும் இறுதி உண்டு. அதனைக் கணித்துணர்ந்த அறிஞருள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தமிழ்க் குடும்பத்தினரான அவர் 1910-ஆம் ஆண்டு இலாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1930-இல், தம் 19-ஆம் அகவையில், மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி நிலைபெறுதற்கு ஒரு நிறையெல்லை உண்டு என்பதை அப்பயணத்திலேயே கணித்தறிந்தார். அவ்வெல்லை கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதனை விஞ்சினால் சுருக்கம் தொடரும். 1935-இல் இலண்டனில் அறிஞர் அவையின் முன்னே பேரறிஞர் எடிங்டன் இம்முடிவை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனம் நொந்தாரேனும் தளர்ந்தாரல்லர்; அமெரிக்கா சென்று ஆய்வைத் தொடர்ந்தார்.

மிகப் பெரிய விண்மீன்கள் சுருங்கிக் கருந்துளைகளாகும் என்பது பின்னர்ப் புலனாயிற்று. கருந்துளையில் வீழும் பொருள், தொலைவில் நிற்பார் கண்ணுக்கு, அதன் விளிம்பை நெருங்க நெருங்க வேகங்குறைவது போலத் தோன்றும். வலிய ஈர்ப்பினின்று மீண்டுவர ஒளிக்கு மேன்மேலும் காலம் நீளுதலே அதற்குக் காரணம். அவ்வொளி சிவந்து, மங்கி, மறையும். பொருள் விளிம்பைக் கடத்தலை அவர் ஒருபோதும் காணார். பொருளோ தடையின்றி உட்புகுந்துவிடும்.

1983-இல் கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவர்தம் பெருநூல் வெளிவந்தது. அவ்வாண்டே நோபல் பரிசும் அவரை அடைந்தது. 1995-இல் அவர் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பெற்ற 'சந்திரா' தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியது. புறத்தே நிற்பார் காணாமையால் ஒன்று நிகழாததாகிவிடாது. அவையோர் ஏற்காமையால் உண்மையும் பொய்யாகிவிடாது.