ஓடித் தேய்ந்திலாத இருதயம்: கிளாரன்ஸ் டிமார் சரிதம்

மனித உடலின் உறுப்புக்களுள், இரவு பகல் என்னும் வேறுபாடின்றிப் பிறப்பு முதல் இறப்பு வரை ஓயாது உழைப்பது இருதயமேயாம். அதனை எத்துணை உழைக்க விடலாம் என்பது பற்றி அறிஞர் நெடுங்காலம் மாறுபட்ட கருத்துடையராயிருந்தனர். இருதயம் எண்ணெய் அளந்து வார்த்த விளக்கை ஒத்தது. கடும்பயிற்சி அவ்வெண்ணெயை விரைவிற் செலவிட்டுவிடும் என்று அஞ்சினோர் பலர். 1899-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து வைத்தியராகிய ஹென்ஷென் என்பார், பனிமேற் சறுக்கி ஓடும் பந்தய வீரரைச் சோதித்து, அவர்தம் இருதயம் பெருத்திருத்தலைக் கண்டு, அஃது உழைப்பினால் விளைந்த நன்மையே எனத் துணிந்தார். எனினும், பெருத்த இருதயம் நோயுற்ற இருதயமே என்னும் எண்ணம் எளிதில் அகலவில்லை. இவ்வச்சத்திற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தவர் கிளாரன்ஸ் டிமார் என்னும் அமெரிக்கர். அவர் வைத்தியரும் அல்லர், விஞ்ஞானியும் அல்லர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த தொழிலாளி. அவரது சரிதம் மாணாக்கராகிய நாம் அறிதற்குரியது.

டிமார் 1888-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதி ஒகையோ மாகாணத்தில் மடீரா என்னும் ஊரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். வறுமை குடும்பத்தை வாட்டியது. ஊசி, நூல் முதலிய சிறு பொருள்களைச் சுமந்து வீடுதோறும் விற்று, நாள்தோறும் பல மைல் நடந்து, அச்சிறுவர் தாயாருக்கு உதவினார். பின்னர் அன்னையார் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்திற்குக் குடிபெயர, மகனார் பாஸ்டன் துறைமுகத்துத் தாம்ஸன் தீவிலிருந்த பண்ணைப் பள்ளியிற் சேர்க்கப்பெற்றார். அங்கிருந்து வெளிவந்து வெர்மாண்ட் சர்வகலாசாலையிற் பயின்றபோதுதான், நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் தம்பால் உண்டென்பதை அவர் உணர்ந்தார். ஆயினும் தாயாரைக் காக்கும் கடமை முன்னின்றமையால், படிப்பை இடையில் நிறுத்திப் பாஸ்டனில் அச்சுத் தொழிலில் அமர்ந்தார். வேலைக்குச் செல்லும்போதும் வீடு திரும்பும்போதும் வண்டி ஏறாது ஓடியே செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். ஏழைக்கு ஏற்ற பயிற்சி அஃதன்றோ!

பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் மராத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டப்பந்தயம் 1897 முதல் நடந்து வருகிறது. 1910-இல் முதன்முறை அதில் ஓடிய டிமார் இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டுப் பந்தயத்திற்கு முன் ஓட்டக்காரரைச் சோதித்த வைத்தியர் ஒருவர், டிமாரின் மார்பிற் குழல்வைத்துக் கேட்டு, இருதயத்தில் வேண்டாததோர் ஓசை உளதெனக் கண்டார். களைப்புத் தோன்றின் உடனே விலகிவிட வேண்டுமென்றும், இதுவே கடைசி ஓட்டமாதல் நலமென்றும் எச்சரித்தார். அன்று டிமாருக்கு வயது 22. அவ்வெச்சரிக்கையைச் செவியில் தாங்கி ஓடிய அவ்விளைஞர், ஏறக்குறைய 24½ மைல் தூரத்தை 2 மணி 21 நிமிஷம் 39 விநாடியிற் கடந்து முதலிடம் பெற்றார். அதுவரை அவ்வழியில் அத்துணை விரைவாக ஓடினார் எவருமிலர்.

அவ்வைத்தியரை நாம் இகழ்தல் தகாது. அக்காலத்தில் வைத்தியர்க்கு இருதய சோதனையிற் பெருந்துணையாயிருந்தது அக்குழலே. இருதயத்துள் இரத்தம் பாயும்போது எழும் மிகையான ஓசை, வால்வு பழுதுற்றதனாலும் தோன்றும், பழுதின்றியும் தோன்றும். பயின்ற வீரனது இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைத் தள்ளுவதால், பெருக்குற்ற ஆறு இரைவதுபோல் நலமுற்ற இருதயமும் ஒலித்தல் கூடும். இவ்விரண்டையும் செவியொன்றால் வேறுபடுத்தல் அரிது.

அச்சம் தன் பயனைச் செய்தே விட்டது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிப் பன்னிரண்டாம் இடம் பெற்ற டிமார், அதன்பின் சில ஆண்டுகள் பெரும் பந்தயங்களை விட்டு விலகி நின்றார். வைத்தியரின் எச்சரிக்கை அதற்கு ஒரு காரணம். கிறிஸ்துவ பக்தியில் ஊன்றியவராய், ஞாயிறு பள்ளியிற் சிறுவர்க்குப் போதித்து வந்த அவர், பிறரை வென்று புகழ் தேடுதல் தகுமோ என ஐயுற்றது மற்றொரு காரணம். கல்வியில் மனம் சென்றது மூன்றாவது. பகலில் உழைத்துக்கொண்டே அவர் மேற்படிப்பைத் தொடர்ந்தார். ஓட்டக்காரனுக்கு உரம் மிக்க பருவத்தின் பெரும்பகுதி இவ்வாறு கழிந்தது. 1917-இல் மீண்டும் பாஸ்டனில் ஓடி மூன்றாம் இடம் பெற்றார். பின் உலக யுத்தம் அவரைப் படைக்கு அழைத்தது.

1922-ஆம் ஆண்டு வந்தது. முதல் வெற்றிக்குப் பதினோராண்டு கழித்து, 33-ஆம் வயதில், டிமார் மீண்டும் பாஸ்டனில் முதல்வரானார். 1923, 1924, 1927, 1928 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி அவரதே. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பின்லாந்து வீரர் ஸ்டென்ரூஸ், இத்தாலிய வீரர் பெர்த்தினி ஆகிய இருவர்க்கும் அடுத்ததாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். 1930-இல், 41-ஆம் வயதில், பாஸ்டனில் ஏழாம் முறையாக வென்றார். முன்னம் தம்மை எச்சரித்த வைத்தியர் தாமே இருதய நோயால் மாண்டார் எனக் கேள்வியுற்ற அவர், அன்று அவர் தம் இருதயத்தின் ஓசையையே கேட்டிருப்பார் போலும் என நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

புகழ் வந்தபோதும் டிமார் தொழிலை விட்டிலர். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக் கீன் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அச்சுக்கலை போதித்தார். 1937-இல் தம் அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். விஞ்ஞானிகள் அவரை விடவில்லை. ஹார்வர்டைச் சார்ந்த ஆர்லி பாக், டேவிட் புரூஸ் டில் முதலியோர் அவரைச் சுழலும் பட்டையின்மேல் ஓடச் செய்து அவரது இரத்தத்தைச் சோதித்தனர். பிறர் இளைத்துக் களைக்கும் வேகத்தில் அவர் ஓடியபோதும், தசையுழைப்பால் இரத்தத்திற் சேரும் லாக்டிக் அமிலம் அவர்பால் மிகவும் குறைந்திருந்தது. தசைக்கு வேண்டும் பிராணவாயுவை அவரது இருதயம் குறைவற அனுப்பியது என்பதற்கு இது சான்று. 1954-இல், 65-ஆம் வயதில், அவர் கடைசி முறையாகப் பாஸ்டனில் ஓடினார்.

1958-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி டிமார் இறந்தார். அவரைக் கொன்றது புற்றுநோய், இருதயமன்று. இறந்தபின் அவ்விருதயத்தைச் சோதித்தறிந்த செய்திகளை, கரன்ஸ் என்பாரும், புகழ்பெற்ற இருதய வைத்தியரான பால் டட்லி ஒயிட் என்பாரும் 1961-இல் வெளியிட்டனர். 1955-இல் ஜனாதிபதி ஐஸனோவருக்கு மாரடைப்பு நேர்ந்தபோது அவரைக் கவனித்த ஒயிட் இவரே. டிமாரின் இருதய வால்வுகள் பழுதின்றி இருந்தன. இருதயத் தசைக்கு உணவூட்டும் நாடிகள், ஏனையோர் நாடிகளினும் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்தன. அரை நூற்றாண்டு ஓட்டம் இருதயத்தைத் தேய்க்கவில்லை. அவ்வகன்ற நாடிகளிலும் முதுமையிற் படியும் கொழுப்பு ஓரளவு படிந்தே இருந்தது. ஆயினும் வாய்க்கால் அகலமாதலின் வண்டல் படிந்தும் நீரோட்டம் தடைப்படவில்லை. அவ்வகலம் பயிற்சியால் வந்ததோ, பிறவியில் அமைந்ததோ என்பதை ஒருவர் உடலைக்கொண்டு மட்டும் முடிவு செய்தல் இயலாது.

ஆதலின் பலரைச் சோதித்தல் வேண்டும். 1953-இல் ஜெரி மாரிஸ் என்பாரும் அவர் தோழரும் லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பஸ்களில் வேலை செய்வோரை ஆராய்ந்தனர். நாள் முழுதும் அமர்ந்தே ஓட்டும் சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டர்களிடையே இருதய நோய் குறைவாயிருக்கக் கண்டனர். உழைப்பு இருதயத்திற்குப் பகையன்று என்பது இவ்வாறு வலியுற்றது.

எனினும், பயிற்சி சாவா மருந்தும் அன்று. ஓட்டத்தின் நன்மையை நூலெழுதிப் பரப்பிய அமெரிக்கர் ஜிம் பிக்ஸ், 1984-இல் 52-ஆம் வயதில் ஓடும்போதே மாண்டார். இருதய நாடிகள் கொழுப்பால் அடைபட்டிருந்தமை பின்பு தெரிந்தது. அவர் தந்தையாரும் இளவயதில் மாரடைப்பால் இறந்தவர். இளைஞர் சிலர்பால் பிறவிக் குறையாக இருதயத் தசை மிகத் தடித்து, விளையாட்டுக் களத்திலேயே உயிரைப் பறிப்பதும் உண்டு. ஆகவே, பயிற்சியின்போது மார்பு வலித்தல், மயக்கம் வருதல், வழக்கத்திற்கு மாறாக மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினும், குடும்பத்தில் இளமையில் திடீர் மரணம் நேர்ந்திருப்பினும், வைத்தியரை நாடுதல் கடமையாம். டிமாரின் காலத்தில் இல்லாத கருவிகள் இன்று உள்ளன. ஒலியலைகளால் இருதயம் அசைவதைக் கண்ணாற் காணலாம். ஒரு குழலின் ஓசையை மட்டும் நம்பி ஓட்டத்தை விட வேண்டுவதில்லை. ஓசையைக் கேளாததுபோல் ஓடவும் வேண்டுவதில்லை.

நண்பர்காள்! தேர்வு நெருங்குங்கால் நாம் முதலில் விடுவது விளையாட்டு மைதானத்தையே. நேரமில்லை என்கிறோம். டிமாருக்கும் நேரமில்லை; பகலெல்லாம் அச்சுக்கூடம், மாலையிற் கல்வி, ஞாயிறன்று சிறுவர் வகுப்பு. வேலைக்குச் செல்லும் வழியையே அவர் மைதானமாக்கிக்கொண்டார். பதக்கம் பெறுதல் சிலர்க்கே கூடும். விடுதியிலிருந்து வகுப்பிற்கு விரைந்து நடத்தல் எவர்க்கும் கூடும். இருதயம் எண்ணெய் தீரும் விளக்கன்று. இறைக்க இறைக்க ஊறும் கேணி. அதனை அறிவோடு இறைத்தலே டிமார் நமக்குக் காட்டிய நெறியாகும்.